காணாத வலியும் காத்திருக்கும் வரிசையும்

இன்பத்தை விலைக்கு விற்கும் ஊர்கள் சில இவ்வுலகில் உண்டு. அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரை அடுத்துப் பரந்து கிடக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டு அவற்றுள் தலையாயது. சதுப்பு நிலமும் புதர்க்காடுமாகக் கிடந்த ஏறத்தாழ 27,000 ஏக்கர் நிலத்தை வாங்கித் திருத்தி, 1971 ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அதன் கதவுகளைத் திறந்தனர். இன்று அங்கே நான்கு பெரும் பூங்காக்களும், இரண்டு நீர் விளையாட்டுப் பூங்காக்களும், எண்ணற்ற விடுதிகளும் உள்ளன. அங்கே பணிபுரிவோர் மட்டும் 70,000 பேருக்கு மேல் எனின், அதன் பரப்பையும் பரபரப்பையும் வாசகர்கள் ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.

வாண வேடிக்கைகளையும், மாளிகைக் கோபுரங்களையும் வருணிப்பது நமது நோக்கமன்று. அவற்றைப் பற்றி எழுதியோர் பலர். நாம் இக்கட்டுரையில் நிற்கப்போவது ஒரு சவாரியின் வாயிலில். பார்க்கப்போவது அந்த வாயிலில் நாள் முழுதும் நின்று வருவோரை வரவேற்கும் ஓர் ஊழியரை. அவர் காணும் உலகம், உள்ளே சென்று மகிழ்ந்து திரும்புவோர் காணும் உலகத்தினும் வேறுபட்டது.

டிஸ்னி நிறுவனத்தார் தம் ஊழியரை ஊழியர் என்று அழைப்பதில்லை. நாடகக் குழுவின் உறுப்பினர் என்றே அழைக்கின்றனர். பூங்கா ஒரு மேடை, அதில் பணியாற்றுவோர் நடிகர் என்பது அவர்களது கொள்கை. ஆகவே வெயில் சுட்டாலும், கால் வலித்தாலும், வந்தவர் கடிந்து பேசினாலும் ஊழியரின் முகத்தில் புன்னகை வாடலாகாது. புளோரிடாவின் கோடைக்காலமோ நம் கடற்கரை ஊர்களின் கோடையைப் போன்றே புழுக்கம் நிறைந்தது. அப்புழுக்கத்தில் ஒரு சவாரிக்காக ஒரு மணி நேரம் காத்திருப்பது அங்கே புதுமையன்று. இன்பத்திற்கு அங்கே இரண்டு விலைகள்: ஒன்று பணம், மற்றொன்று காத்திருத்தல்.

பணத்தைக் கொடுக்க வல்லவர் எல்லாரும் காத்திருக்க வல்லவர் அல்லர். இந்த ஓர் உண்மையிலிருந்துதான் நாம் சொல்ல வந்த செய்தி தொடங்குகின்றது.

பூங்காவின் நுழைவாயிலருகே சக்கர நாற்காலிகளும், மின்கலத்தால் ஓடும் சிறு வண்டிகளும் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒரு நாளில் பல கிலோமீட்டர் தூரம் நடக்க வேண்டிய இடம் அது. வீட்டில் ஊன்றுகோலுடன் நடமாடும் முதியவர் அங்கே சக்கர நாற்காலியை நாடுகின்றார். இருதய நோயாளி நாடுகின்றார். மூட்டு வாதத்தால் துன்புறும் இளந்தாய் நாடுகின்றாள். பிறவி முதல் நடவாதவரும் தம் சொந்த நாற்காலியில் வருகின்றார். இவர்கள் அனைவரும் சவாரியின் வாயிலுக்கு வந்து சேரும்போது, அங்கே நிற்கும் ஊழியர் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: “தாங்களாகவே இந்த நாற்காலியிலிருந்து சவாரி வண்டிக்கு மாறி அமர இயலுமா?”

கேட்பதற்கு எளிய கேள்வி; கேட்கப்படுவோருக்குச் சில வேளைகளில் கூரிய கேள்வி. ‘ஏன், நீர் தூக்கி அமர்த்தலாகாதா?’ என்று மனம் வருந்துவோர் உண்டு. ஆனால் வருவோரைத் தூக்கவோ, ஏந்தி அமர்த்தவோ அங்குள்ள ஊழியருக்கு அனுமதி இல்லை. பயிற்சியின்றித் தூக்கினால் தூக்கப்படுபவருக்கும் காயம் நேரும், தூக்குபவருக்கும் நேரும். அன்றியும், ஓடும் சவாரி நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதை ஊழியர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டியவர். உயரத்திலோ இருட்டிலோ நின்றுபோன வண்டியிலிருந்து மக்களைப் படிக்கட்டு வழியே இறக்க வேண்டிவரும். அப்போது படியிறங்க இயலாதவர் எங்கே, எத்தனை பேர் என்பது தெரிந்திராவிடில் பெருந்துன்பம் விளையும்.

இது வெறும் கற்பனையன்று. கலிபோர்னியா மாநிலத்தின் அனாஹைம் நகரில், 1955 இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தில் நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். 2009 ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அந்நாட்டினர் கொண்டாடும் நன்றி கூறும் நாளுக்கு மறுநாள், சிறு படகுகளில் அமர்ந்து பொம்மைகளைக் கண்டு செல்லும் சவாரி ஒன்று திடீரென நின்றுவிட்டது. மற்றவர்களை இறக்கி அழைத்துச் சென்றனர். கை கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த ஒருவரை மட்டும் இறக்க வழியில்லை. ஏறத்தாழ அரை மணி நேரம் அவர் படகிலேயே இருக்க நேர்ந்தது. சவாரியின் பாட்டோ நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தது. முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டோர் சிலருக்குச் சிறுநீரை அடக்க நேர்ந்தாலும் இரத்த அழுத்தம் அபாய அளவுக்கு உயர்ந்துவிடும். அவருக்கும் அக்கோளாறு இருந்தது. அவர் தொடுத்த வழக்கில், 2013 ஆம் ஆண்டு அவருக்கு 8,000 டாலர் இழப்பீடு வழங்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்நிகழ்ச்சியில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. அவரது நாற்காலியை எல்லாரும் கண்டனர். அவரது இரத்த அழுத்தத்தை யாரும் காணவில்லை. கண்ணுக்குத் தெரிந்த குறையைவிடத் தெரியாத குறையே அந்த அரை மணி நேரத்தில் அவரை அதிகமாய் அச்சுறுத்தியது.

இனி, சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் சவாரி வாயிலில் எழுந்து நின்று, நான்கு அடி நடந்து, வண்டியில் ஏறி அமர்வதாக வைத்துக்கொள்வோம். வரிசையில் நிற்போர் என்ன செய்கின்றனர்? ஒருவர் மற்றவரைப் பார்த்துக் கண் சிமிட்டுகின்றார். “புதுமை நடந்துவிட்டது, முடவர் நடக்கின்றார்!” என்று யாரோ உரக்கச் சொல்ல, சுற்றிலும் சிரிப்பு எழுகின்றது. சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோரில், சிறிது தூரம் நடக்க வல்லவர்கள் உலகெங்கும் அடிக்கடி கேட்டு நொந்துபோகும் கேலி இது. நற்செய்தியில் நாம் வணக்கத்துடன் வாசிக்கும் ஒரு சொல், அங்கே நோயுற்றவரைக் குத்தும் முள்ளாகிவிடுகின்றது.

சக்கர நாற்காலியில் அமர்வோர் அனைவரும் கால் செயலிழந்தோர் என்பது தவறான எண்ணம். நரம்புகளின் உறை சிதையும் நோய் உடையவருக்கு வெயிலின் வெம்மை ஏறியவுடன் கால் தளர்ந்துவிடும். காலையில் நடந்தவர் நண்பகலில் நடக்கமாட்டார். இருதயத் தசை நலிந்தவர் நூறு அடி நடப்பார். இருநூறு அடி நடந்தால் மூச்சு இரைக்கும். எழுந்து நின்றவுடன் நாடித் துடிப்பு தாறுமாறாய் உயர்ந்து மயங்கி விழுவோர் உண்டு. அவர்களுக்கு நடப்பதைவிட நிற்பதே கொடிது. மூட்டுகள் இயல்புக்கு மீறி நெகிழ்ந்து இடம் பெயரும் பிறவிக் கோளாறும் உண்டு. இவர்களுக்கெல்லாம் நாற்காலி என்பது கால்களுக்கு மாற்றன்று. உள்ள சிறிது வலிமையைச் செட்டாகச் செலவிட உதவும் கருவி. வருமானம் குறைந்த குடும்பத் தலைவி அரிசியை அளந்து உலையிலிடுவது போல, இவர்கள் தம் அடிகளை எண்ணி நடக்கின்றனர்.

இந்த உண்மையை நாள்தோறும் நேரில் கண்டு கற்பவர் வாயில் ஊழியர். எழுந்து நடந்தவர் சவாரி முடிந்து இறங்கும்போது முகம் வெளிறி, நாற்காலியின் கைப்பிடியைத் தேடுவதை வரிசையில் நிற்போர் காண்பதில்லை. இறங்குமிடத்தில் நிற்கும் ஊழியரே காண்கின்றார்.

எனினும் ஐயம் கொள்வதற்கும் இடமில்லாமல் போகவில்லை. பழைய பூங்காக்களில் வரிசைப் பாதைகள் குறுகலாகவும் படிகளுடனும் அமைந்திருந்தன. ஆகவே சக்கர நாற்காலியினரை வெளியேறும் வழியாக உள்ளே விட்டனர். அவர்கள் பெரும்பாலும் காத்திருக்க நேரவில்லை. கண்ணுக்குத் தெரியாத குறையுடையோருக்கும் உதவும் வண்ணம் டிஸ்னி நிறுவனம் விருந்தினர் உதவி அட்டை ஒன்றை வழங்கி வந்தது. இரக்கத்தால் பிறந்த இந்த வழக்கத்தில் வஞ்சகமும் புகுந்தது. வரிசையில் நிற்காமல் முன்னே செல்வதற்காகவே செல்வர் சிலர் மாற்றுத்திறனாளிகளைக் கூலிக்கு அமர்த்தி உடன் அழைத்துச் செல்வதாக 2013 ஆம் ஆண்டு செய்தித்தாள்களில் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அந்த அட்டை நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த புதிய முறையில், வரிசை ஒரு மணி நேரமாயின், அட்டை பெற்றவரும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே வர வேண்டும். ஆனால் வரிசையில் நிற்க வேண்டுவதில்லை, நிழலில் அமர்ந்திருக்கலாம்.

நியாயமான ஏற்பாடே என்று தோன்றுகின்றது அல்லவா? ஆட்டிசம் உடைய பிள்ளைகளின் பெற்றோர் பலர் அதை ஏற்கவில்லை. காலம் என்பதையே உணராத பிள்ளைக்கு, ‘ஒரு மணி கழித்து வருவோம்’ என்பதன் பொருள் விளங்காது. தான் விரும்பியது தன் கண் முன்னே இருக்க, அதை விட்டு விலகச் சொல்வது தண்டனையாகவே தோன்றும் என்றனர். 2014 முதல் வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றில், 2020 ஆம் ஆண்டு, நிறுவனத்தின் ஏற்பாடு போதுமானதே என்று புளோரிடாவில் உள்ள நடுவண் அரசின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆண்டுகள் சென்றன, அச்சலுகையைக் கோருவோர் பெருகினர். 2024 ஆம் ஆண்டு, மே மாதத்தில் புளோரிடாவிலும் ஜூனில் கலிபோர்னியாவிலும், விதி மேலும் இறுக்கப்பட்டது. ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் நெடுநேரம் வரிசையில் நிற்க இயலாதவர்களுக்கே அச்சலுகை என்று அறிவித்தனர். காணொளி வழியே நேர்காணல் நடத்தி முடிவு செய்கின்றனர். பொய் கூறியது தெரியவந்தால் பூங்காவுக்குள் நுழைய நிரந்தரத் தடை. இதனால் குடல் நோய், நரம்பு நோய், வலிப்பு நோய் உடையோர் பலர் தம்மைப் புறக்கணித்துவிட்டதாக வருந்தினர்; 2025 இல் இதன்மீதும் வழக்குத் தொடரப்பட்டது.

இவ்விரு தரப்பினருக்கும் நடுவே நிற்பவர் யார்? நாம் முதலில் கண்ட அதே வாயில் ஊழியர்தான். விதியை வகுத்தவர் அவரல்லர். ஆனால் விதியால் காயப்பட்டவரின் கண்ணீரையும் சினத்தையும் முதலில் எதிர்கொள்பவர் அவர். அவருக்கு மருத்துவ அறிவு இல்லை. பிறர் உடலினுள் எட்டிப் பார்க்கும் ஆற்றலும் இல்லை. எதிரே நிற்பவர் உண்மை பேசுகின்றாரா என்பதை அவர் எங்ஙனம் அறிவார்?

அவர் இரண்டு வழிகளில் தவறலாம். பொய்யரை நம்பி முன்னே விடலாம். அல்லது நோயாளியைப் பொய்யர் என்று எண்ணி நிறுத்தலாம். முதல் தவற்றால் வரிசையில் நிற்போர் சில நிமிடங்களை இழப்பர். இரண்டாம் தவற்றால் ஒரு மனிதர் பலர் முன்னிலையில் தம் மானத்தை இழப்பார். அன்று மாலை விடுதி அறையில் வலியுடன் படுத்திருப்பார். மீண்டும் வெளியே வரவே அஞ்சுவார். ஆயினும் முதல் தவறு சிறிதென்று அதைப் பன்னூறு முறை செய்தால், காத்திருக்கும் நேரம் நீண்டு, காத்திருக்கவே இயலாத அந்தச் சிறு பிள்ளைதான் இறுதியில் துன்புறும். பொய்யர் திருடுவது நிறுவனத்திடமிருந்து அன்று, அந்தப் பிள்ளையிடமிருந்தே.

இங்கே மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத குறை, வருவோருக்கு மட்டுமா உண்டு? வரவேற்போருக்கும் உண்டு. நாள் முழுதும் நின்றபடி பணி செய்யும் இத்தொழிலில், நீரிழிவு நோயாளியும், முதுகு வலியால் வாடுபவரும், செவிப்புலன் குன்றியவரும் புன்னகையுடன் நிற்கின்றனர். அமர்ந்து பணிபுரிய ஒரு முக்காலியும், வெயில் படாத இடமும், வேளை தவறாமல் உண்ண ஓய்வும் கிடைத்தால் அவர்கள் பிறரைப் போலவே பணி செய்வர். அமெரிக்க நாட்டில் இதற்குச் சட்டத்தின் துணை உண்டு. 1990 ஆம் ஆண்டு மார்ச் மாதம், மாற்றுத்திறனாளிகள் பலர் தம் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, வாஷிங்டன் பாராளுமன்ற மாளிகையின் படிகளில் கையூன்றித் தவழ்ந்து ஏறினர். அவ்வாண்டு ஜூலை 26 ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கையொப்பமிட்டார். பொது இடங்கள் யாவும் அவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதுடன், பதினைந்து பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள் தம் ஊழியரின் குறைக்கு ஏற்ற நியாயமான வசதியைச் செய்து தரவேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. ஆனால் வசதி வேண்டுமெனில் குறையை வெளியிட வேண்டும். வெளியிட்டால் மேலாளர் என்ன எண்ணுவாரோ, உடன் பணிபுரிவோர் என்ன பேசுவாரோ என்று அஞ்சி வலியை மறைத்து நிற்போர் எந்த நாட்டிலும் உண்டு.

இந்த அச்சத்தைத் தணிக்கச் சில எளிய முயற்சிகள் எழுந்துள்ளன. இங்கிலாந்தின் கேட்விக் விமான நிலையத்தில் 2016 ஆம் ஆண்டு சூரியகாந்திப் பூக்கள் பொறித்த பச்சை நிறக் கழுத்துப்பட்டையை அறிமுகப்படுத்தினர். அதை அணிந்தவருக்குக் கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்று உண்டு. சற்றுப் பொறுமையும் உதவியும் வேண்டும் என்பது அதன் பொருள். என்ன நோய் என்று எவரும் கேட்பதில்லை. அவ்வழக்கம் இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. டென்னசி மாநிலத்து டாலிவுட் பூங்காவில், கூட்டமும் ஓசையும் தாங்காத பிள்ளைகள் சற்று இளைப்பாற அதே 2016 இல் அமைதி அறை ஒன்றை அமைத்தனர். பென்சில்வேனியா மாநிலத்து செசமி பிளேஸ் பூங்கா தன் ஊழியருக்கு ஆட்டிசம் பற்றிய பயிற்சி அளித்து, 2018 இல் அதற்கெனச் சான்றிதழ் பெற்றது.

இவற்றையெல்லாம் கண்டபின் நாம் செல்ல வேண்டிய ஊர் மற்றொன்று உண்டு. டெக்சாஸ் மாநிலத்தில் சான் அந்தோனியோ என்பது அதன் பெயர். 1691 ஆம் ஆண்டு ஜூன் 13 ஆம் நாள், பதுவைப் புனித அந்தோனியாரின் திருநாளன்று அங்கே வந்து சேர்ந்த ஸ்பானியர், அவரது பெயரையே அவ்விடத்திற்குச் சூட்டினர். அந்நகரில், கைவிடப்பட்ட கற்சுரங்கம் ஒன்றிருந்த இடத்தில், 25 ஏக்கர் பரப்பில் ஒரு பூங்கா உள்ளது. மார்கன்ஸ் வொண்டர்லேண்ட் என்பது அதன் பெயர். மார்கனின் அற்புத உலகம் என்று தமிழில் சொல்லலாம்.

கோர்டன் ஹார்ட்மன் என்பவர் வீடுகள் கட்டி விற்கும் தொழிலில் செல்வம் ஈட்டியவர். அவருடைய மகள் மார்கன் உடற்குறையும் அறிவு வளர்ச்சிக் குறையும் உடையவள். குடும்பம் சுற்றுலா சென்ற ஓரிடத்தில், நீச்சல் குளத்தில் விளையாடிய பிள்ளைகளுடன் மார்கன் சேர விரும்பி அருகே சென்றாள். அவளிடம் எப்படிப் பழகுவது என்று அறியாத அப்பிள்ளைகள் குளத்தை விட்டு வெளியேறிவிட்டனர். அக்காட்சி தந்தையின் உள்ளத்தைத் தைத்தது. எல்லாரும் சேர்ந்து விளையாடும் இடம் எங்கே உண்டு என்று தேடினார். மனத்துக்கு நிறைவான இடம் கிட்டவில்லை. மருத்துவரையும், பயிற்சியாளரையும், பெற்றோரையும் கலந்து தாமே ஒன்றைக் கட்டினார். 2010 ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டது.

அங்குள்ள குடைராட்டினத்தில் சக்கர நாற்காலியுடனே ஏறலாம். மரக் குதிரைகள் ஏறி இறங்குவது போலவே நாற்காலி நிற்கும் தேரும் ஏறி இறங்கும். சிறு இரயிலிலும் நாற்காலியுடன் செல்லலாம். 2017 இல் அதனருகே நீர் விளையாட்டுப் பூங்கா ஒன்றும் திறக்கப்பட்டது. மின்கல நாற்காலி நீரில் நனையலாகாது என்பதால், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் அழுத்தக் காற்றால் ஓடும் நாற்காலி ஒன்றை உருவாக்கித் தந்தனர். மின்கலத்திற்கு மின்னேற்றப் பல மணி நேரம் ஆகும்; இந்நாற்காலிக்குக் காற்று நிரப்பப் பத்து நிமிடங்கள் போதும். குளிர்ந்த நீர் பட்டால் தசை இறுகி வலி காண்போருக்காக ஒரு பகுதியில் வெதுவெதுப்பான நீர் விடப்படுகின்றது. மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. இதனால் ஆண்டுதோறும் நேரும் இழப்பை நன்கொடைகளைக் கொண்டு ஈடு செய்கின்றனர்.

ஆனால் அப்பூங்காவின் சிறப்பு எந்திரங்களில் மட்டும் இல்லை. அங்கே பணிபுரிவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தாமும் மாற்றுத்திறனாளிகள். வாயிலில் வரவேற்பவரே நாற்காலியில் அமர்ந்திருக்கலாம். சவாரியில் ஏற உதவுபவரே பேச்சுத் தடுமாற்றம் உடையவராக இருக்கலாம். பூங்காவுக்குப் பெயர் தந்த மார்கனே அந்தக் குடைராட்டினத்தைக் கண்டு முதலில் அஞ்சினாள். சுற்றுவதைப் பார்த்து நிற்பதும், பின்னர் நிற்கும் குதிரையில் அமர்ந்து பார்ப்பதுமாக மூன்று ஆண்டுகள் சென்ற பிறகே ஓடும் ராட்டினத்தில் ஏறினாள். அவளை எவரும் விரைவுபடுத்தவில்லை.

இவ்விரு இடங்களையும் மனத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகின்றது. சலுகையை ஒரு சிறு கதவாக வைத்து, அதன் முன்னே ஒரு காவலரை நிறுத்தினால், அக்கதவைத் திருட்டுத்தனமாய்த் திறக்க முயல்வோரும் வருவர். உரியவரும் ஐயத்துக்கு ஆளாவர். பெருங்கதவையே எல்லாரும் நுழையுமாறு அகலமாகக் கட்டிவிட்டால், ‘நீர் உண்மையாகவே நோயாளிதானா?’ என்று கேட்க வேண்டிய தேவையே குறைந்துவிடும். 2001 இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னியின் இரண்டாம் பூங்காவில், சக்கர நாற்காலிகள் மற்றவருடன் ஒரே வரிசையில் செல்லுமாறு பாதைகளை அகலமாக அமைத்தனர். சலுகை குறைந்தது, சமத்துவம் கூடியது. ஆயினும் எவ்வளவு அகலமான பாதையும் எல்லாருக்கும் போதாது. நிற்கவே இயலாதவருக்கு ஓர் இருக்கையும், ஓசை தாங்காதவருக்கு ஓர் அமைதி அறையும், இவற்றுக்கு மேலாக நம்பிக்கையுடன் நோக்கும் ஒரு முகமும் என்றும் தேவைப்படும்.

நம் நாட்டிலும் 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைகளை ஏற்றுள்ளது. ஆட்டிசமும், இரத்தம் உறையாமையும், அரிவாள் செல் சோகையும், நடுக்குவாதமும் அவற்றுள் அடங்கும். பார்த்த மாத்திரத்தில் இவற்றுள் பலவற்றை அறிய இயலாது. பேருந்தில் மாற்றுத்திறனாளிக்குரிய இருக்கையில் ஓர் இளைஞர் அமர்ந்திருக்கக் கண்டால் நாம் என்ன எண்ணுகின்றோம்? மருத்துவமனை வரிசையில் ஒரு பெண் தரையில் அமர்ந்துவிட்டால், திருமணப் பந்தியில் ஒரு சிறுவன் காதைப் பொத்திக்கொண்டு அலறினால், நம் வாயில் முதலில் வருவது என்ன? ‘வயது வந்த பிள்ளைக்கு என்ன சோம்பல்’ என்பதா? ‘வளர்ப்புச் சரியில்லை’ என்பதா?

அன்புக்குரிய வாசகர்களே, கேளிக்கைப் பூங்காவின் வாயிலில் நிற்கும் ஊழியருக்கு விதி உண்டு, மேலதிகாரி உண்டு, பின்னே நெருக்கும் ஆயிரம் பேரின் வரிசை உண்டு. ஆகவே சில வேளைகளில் அவர் கேள்வி கேட்டே தீர வேண்டும். நமக்கு அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. நம்மிடம் எவரும் தம் நோயை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. சற்று நகர்ந்து இடம் கொடுப்பதற்கு, காரணம் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை.